வெட்டப்பட்ட ஒரு திருநாள்

ஜூலை 17-ஐ மீண்டும் விடுமுறை நாளாக்க வேண்டும் என்ற பேச்சு தென்கொரியாவில் எழுந்ததைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தபோது, "ஒருநாள் விடுமுறையால் அரசியலமைப்புக்கு என்ன பெருமை வந்துவிடப் போகிறது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அந்த நாளின் கதையைச் சற்றே புரட்டிய பிறகு, என்னால் அவரோடு உடன்பட முடியவில்லை.

அந்நாளின் கொரியப் பெயர் ஜெஹொன்ஜோல். அரசியலமைப்பை ஆக்கிய திருநாள் என்று பொருள். மொழி கற்பிக்கிறவன் என்பதாலோ என்னவோ, பெயருக்குள் 'ஆக்கல்' என்ற வினை பொதிந்திருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1948 மே 10 தேர்தலில் உருவான மன்றம், யூ ஜின்-ஓ வரைந்த நாடாளுமன்ற ஆட்சிமுறையைச் சிங்மன் ரீயின் பிடிவாதத்துக்காகக் குடியரசுத் தலைவர் ஆட்சிமுறையாகத் திருத்தி, ஜூலை 12-இல் நிறைவேற்றியது. அறிவிப்பதற்கு 17 வரை காத்திருந்தார்கள். 1392-இல் ஜோசொன் அரசமரபு தோன்றிய நாளோடு அது பொருந்த வேண்டுமாம்! மன்னன் அரியணை ஏறிய தேதியில் மக்களாட்சியின் சாசனம்.

ஆக்கியவர்களே அதை உடைக்கவும் செய்தார்கள். 1954-இல், முதல் குடியரசுத் தலைவருக்கு மட்டும் பதவிக்கால வரம்பு பொருந்தாது என்றொரு திருத்தம் வந்தது. உறுப்பினர் 203 பேர். மூன்றில் இரு பங்கு என்பது 135.33. ஆதரவு வாக்குகள் 135. திருத்தம் தோற்றது என்று அவையில் அறிவித்தும்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து, அரைக்குக் குறைந்த பின்னத்தைத் தள்ளிவிடுவதே கணித முறை என்று கண்டுபிடித்து, வென்றது என்று மாற்றி அறிவித்தார்கள். பள்ளிக்கூடக் கணக்கு ஒரு நாட்டின் தலையெழுத்தை மாற்றிய விசித்திரம் இது.

1972-இல் பார்க் சுங்-ஹீ, படையாட்சியை அறிவித்து நாடாளுமன்றத்தைக் கலைத்து, யூஷின் அரசியலமைப்பைக் கொண்டுவந்தார். அதைத் திருத்த வேண்டும் என்று வாய் திறந்தாலே 15 ஆண்டு வரை சிறை என்றது 1974-இன் அவசர ஆணை. அந்த ஆண்டும் ஜூலை 17 வந்தது, விடுமுறையும் இருந்தது. அரசியலமைப்பைப் பற்றிப் பேசுவது குற்றம், அதைக் கொண்டாடுவது கடமை!

நண்பரின் வாதத்துக்கு இதுவே வலுவான சான்று என்று ஒருவர் சொல்லக்கூடும். போலிக்கும் விடுமுறை கிடைத்ததே, பிறகென்ன மதிப்பு என்று. எனக்கோ எதிர்த்திசையில்தான் எண்ணம் போகிறது. 1987-இல் மாணவர்களும் தொழிலாளரும் நடுத்தர வர்க்கத்தாரும் தெருவுக்கு வந்து, தங்கள் தலைவரைத் தாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மீட்டார்கள். அவ்வாண்டு நிகழ்ந்தது ஒன்பதாவது திருத்தம். அடுத்த ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அமைந்தது. ஏட்டுச் சுரைக்காயாகக் கிடந்த சாசனம் அப்போதுதான் கறிக்கு உதவத் தொடங்கியது. அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 2008-இல், விடுமுறையை நீக்கினார்கள். காரணம் என்ன தெரியுமா? வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று வந்துவிட்டதாம், ஓய்வு நாட்கள் பெருகிவிட்டனவாம், முதலாளிகளுக்குக் கவலையாம்! செத்த சாசனத்துக்கு விழா எடுத்தவர்கள், அது உயிர்பெற்று எழுந்ததும் செலவுக் கணக்குப் பார்த்தார்கள்.

நாட்டின் ஐந்து தேசியத் திருநாள்களில் ஒன்று என்ற தகுதி மட்டும் எஞ்சியது. 1991-இல் விடுமுறையை இழந்த ஹங்குல் எழுத்து நாளுக்கு 2013-இல் அது திரும்பக் கிடைத்தது, மகிழ்ச்சிதான். தொன்மக் கதையின் தாங்குன் நாட்டை நிறுவியதாகச் சொல்லப்படும் அக்டோபர் 3-க்கு விடுமுறை ஒருபோதும் போகவில்லை. புராணத்துக்குத் தரும் நேரத்தைக்கூடக் குடிமக்களின் சாசனத்துக்குத் தர மனமில்லாத கணக்கு என்ன கணக்கு?

2024 டிசம்பர் 3 இரவு, குடியரசுத் தலைவர் யூன் சுக்-யோல் படையாட்சியை அறிவித்தார். நாடாளுமன்றத்தின் பெரும்பான்மை கோரினால் அதை அவர் நீக்கியே ஆகவேண்டும் என்கிறது 77-ஆம் பிரிவு. அந்த ஒரு வரியை நம்பி உறுப்பினர்கள் மதிலேறிக் குதித்தார்கள். வெளியே பொதுமக்கள் படையினரை மறித்து நின்றார்கள். மூன்று மணி நேரத்துக்குள் 190 வாக்குகள் விழுந்தன, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 2025 ஏப்ரல் 4-இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக யூனைப் பதவி நீக்கினார்கள். அதே ஆண்டு ஜூலை 17 அன்று, புதிய தலைவர் லீ ஜே-மியுங் விடுமுறையை மீட்பது பற்றிப் பேசினார்.

விடுமுறை விட்டால் எவரும் அரசியலமைப்பைப் படிக்கப்போவதில்லை, குடும்பத்தோடு கடற்கரைக்குத்தான் போவார்கள் என்று நண்பர் சிரித்தார். போகட்டுமே. அந்த டிசம்பர்க் குளிரில் நள்ளிரவு தாண்டியும் நாடாளுமன்ற வாயிலில் நின்றவர்களுக்கு மறுநாள் காலை யாரும் விடுப்புக் கொடுத்திருக்க மாட்டார்கள்.