மாடித் தொட்டியில் ஒரு கோடு

சென்னைக் குடிநீர் வாரியத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரையே குடிநீராக்குகிறோம். இத்தனை பாடுபட்டு வாசல்வரை கொண்டுவரும் தண்ணீர் அதன்பின் என்ன ஆகிறது என்று வாரியத்துக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. பெரும்பாலான வீடுகளில் மீட்டர் இல்லை. எவ்வளவு எடுத்தாலும் கட்டணம் ஒன்றுதான். நீரைச் சேமிக்கச் சொல்லும் விளம்பரப் பலகைகள் பலிக்காததற்கு மக்களின் அலட்சியத்தைக் காரணம் சொல்வது எளிது. தெரியாத இழப்பை யார் எப்படித் தடுப்பார்கள்?

ஃப்ளஷ் டேங்க்கின் அடியிலுள்ள ரப்பர் வாஷர் தேய்ந்தால் தண்ணீர் ஓசையின்றி வழிந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போனால் நாளுக்கு 144 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு வகுக்கப்பட்ட அளவே 135 லிட்டர்தான். ஒழுகினாலும் நிலத்தடிக்குத்தானே போகும் என்ற சமாதானமும் இங்கே செல்லாது. அது நேரே சாக்கடைக்குப் போகிறது. அதை இறைத்துச் சுத்திகரிக்கும் செலவும் உங்கள் வாரியத்தின் தலையில்தான்.

இரவில் குழாய்களை மூடிவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்வது வெளிநாட்டு வழக்கம். வாரியத் தண்ணீர் சம்ப்பில் விழுந்து, மோட்டார் வழியாக மாடித் தொட்டிக்கு ஏறும் நம் வீடுகளுக்கு அது ஒத்துவராது. வாசல் மீட்டர் சம்ப் நிரம்பியதைச் சொல்லும், வீட்டுக்குள் ஒழுகுவதைச் சொல்லாது. நமக்கான சோதனை இன்னும் எளிது. படுக்கும் முன் மாடித் தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, நீர்மட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். இரவில் யாரும் தண்ணீர் எடுக்காமலே காலையில் மட்டம் இறங்கியிருந்தால் ஒழுக்கு உண்டு. சம்ப்பில் விரிசல் இருக்கிறதா என்பதையும் இப்படியே பார்க்கலாம். ஃப்ளஷ் டேங்க்கில் கொஞ்சம் சமையல் நிறப்பொடியைக் கரைத்து அரை மணி நேரம் விட்டால், வாஷர் தேய்ந்திருக்கும்பட்சத்தில் கோப்பையில் நிறம் இறங்கிவிடும்.

வாரியத்தின் தெருக்குழாய்கள் ஒழுகும்போது எங்களை மட்டும் சொல்வானேன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அந்தக் கடமையிலிருந்து வாரியம் நழுவக் கூடாது. ஆனால் அதற்குச் சாலையைத் தோண்ட வேண்டும், இதற்கு ஒரு வாஷர் போதும். மீட்டர் வந்தால் கட்டணம் ஏறும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை, இந்தச் சோதனைக்கு மீட்டரே வேண்டாம். கட்டணம் மாறாதபோது ஒருவர் ஏன் மெனக்கெட வேண்டும் என்பதுதான் கடினமான கேள்வி. ஒழுகிய ஒவ்வொரு லிட்டரையும் மாடிக்கு ஏற்றியது அவர் வீட்டு மோட்டார். அந்த நஷ்டம் மின்கட்டணத்தில் வருகிறது. இதை யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை.

ஆகவே, அடுத்த கோடைக்கு முன் ஒரே ஒரு பணிமனையின் எல்லையிலாவது வீடுவீடாக இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். வசதியற்ற வீடுகளுக்கு வாரியமே பிளம்பரை அனுப்பட்டும். எத்தனை வீடுகளில் ஒழுக்கு இருந்தது, எத்தனை சரியானது என்ற கணக்கை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சென்னைக் குடிமகன் ஒருவன்