சட்டையின் நிறம்

என் லாத்தாவின் கணவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாழ்ந்து வருகின்றார். விடுமுறையில் ஊருக்கு வந்தால், மஃரிபுக்குப் பின் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாய்வு நாற்காலியைப் போட்டு அமர்ந்துவிடுவார். தேநீர் வரும், பேச்சும் வரும். அவருடைய பேச்சில் இரண்டே இரண்டு பொருள்கள்தாம் உண்டு. ஒன்று, அவர் பயின்ற பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணி. மற்றொன்று, அந்நாட்டின் அரசியல். எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகின்றது என்பதை எவராலும் கண்டுபிடிக்க இயலாது.

“இவ்விரண்டையும் ஏன் போட்டுக் குழப்புகின்றீர்கள் மச்சான்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். “நான் குழப்பவில்லை தம்பி. நான் அங்கே போய்ச் சேருமுன்பே அவை குழைந்துதான் கிடந்தன” என்றார். அன்று அவர் சொன்னவற்றைத்தான் இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கின்றேன்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் ‘ஃபுட்பால்’ என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, எதிரணியினரை முட்டி மோதி முன்னேறும் ஆட்டம் அது. 1869-ஆம் ஆண்டு ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகள் மோதியதை அதன் தொடக்கமாகக் கூறுவர். நம் நாட்டில் கல்லூரி அணிகளின் ஆட்டத்தைப் பெரும்பாலும் அக்கல்லூரி மாணவர்களே பார்ப்பர். அங்கோ ஊரே திரளும். ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழக விளையாட்டரங்கில் மட்டும் 1,07,601 பேர் அமரலாம். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் அவ்விடங்கள் நிரம்பி வழியும்.

மச்சான் அங்கே மாணவராகப் போய் இறங்கியது 1974 செப்டம்பரில். அதற்கு முந்தைய மாதம்தான் ரிச்சர்டு நிக்சன் பதவி விலக, ஜெரால்டு ஃபோர்டு குடியரசுத் தலைவரானார். ஃபோர்டு அதே பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். 48-ஆம் எண் சட்டையணிந்து அவ்வணிக்காக ஆடியவர். “நம் கல்லூரியின் ஆட்டக்காரர் நாட்டை ஆள்கின்றார் என்று விடுதியில் பேசிக்கொண்டார்கள். குளிரையும் தனிமையையும் தவிர வேறெதையும் அறியாதிருந்த எனக்கு, அந்தச் சொல்லில் ஒரு சொந்தம் கிடைத்தது. அன்று பிடித்த பித்து” என்றார் மச்சான்.

அந்த ஃபோர்டு ஆடிய காலத்தில் நடந்த ஒன்றை அவர் அடிக்கடி சொல்வார். 1934 அக்டோபரில் தென்மாநிலத்து ஜார்ஜியா டெக் அணி மிச்சிகனுக்கு ஆட வந்தது. மிச்சிகன் அணியில் வில்லிஸ் வார்டு என்னும் கறுப்பின வீரர் இருந்தார். அவர் களமிறங்கினால் தாங்கள் ஆடமாட்டோம் என்றனர் வந்தவர்கள். மாணவர் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தும், மிச்சிகன் நிர்வாகம் பணிந்தது; வார்டு வெளியே அமர்த்தப்பட்டார். அவருடைய நண்பரான ஃபோர்டு, தானும் விலகிவிடலாமா என்று தவித்தார். வார்டே அவரை ஆடச் சொன்னார். மிச்சிகன் 9-2 என்று வென்றது. அப்பருவத்தில் அவ்வணி பெற்ற ஒரே வெற்றி அதுதான். அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1999-இல், கல்லூரிச் சேர்க்கையில் இன வேறுபாட்டைக் களையும் ஏற்பாடுகளை ஆதரித்து ஃபோர்டு எழுதிய கட்டுரையில் இந்த நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தார். நாட்டையே ஆண்டு முடித்த முதியவரின் நெஞ்சில், இருபத்தோரு வயதில் பட்ட முள் அப்படியே இருந்திருக்கின்றது.

“விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று சொல்கின்றவர்களைக் கண்டால் எனக்கு வில்லிஸ் வார்டின் நினைவுதான் வரும். அரசியல் ஏற்கெனவே களத்துக்குள் நின்றுகொண்டு, ஒருவனை மட்டும் வெளியே உட்காரவைத்திருந்தது” என்றார் மச்சான்.

ஆயினும், அணியின்மீது கொண்ட பற்று நன்மைக்கும் துணை நின்றதுண்டு. 1955 டிசம்பரில் அதே ஜார்ஜியா டெக் அணிக்கு, புத்தாண்டையொட்டி நடைபெறும் சுகர் பவுல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் அணியோடு மோதும் வாய்ப்புக் கிடைத்தது. பிட்ஸ்பர்க் அணியில் பாபி கிரியர் என்னும் கறுப்பின வீரர் இருந்தார். ஜார்ஜியா ஆளுநர் மார்வின் கிரிஃபின் இந்த ஆட்டத்தைத் தடுக்க முனைந்தார். வெள்ளையர் மட்டுமே பயின்ற அக்கல்லூரி மாணவர்கள் இரவோடிரவாகத் திரண்டு, ஆளுநரின் உருவ பொம்மையை எரித்து, அவர் மாளிகைவரை சென்றார்கள். பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையார் கைதானதும் அதே வாரத்தில்தான். இறுதியில் ஆட்டம் நடந்தது, கிரியர் களமிறங்கினார்.

“அந்த இளைஞர்களை வீதிக்கு இழுத்தது சமத்துவ வேட்கை என்று நான் சொல்லமாட்டேன். ஆட்டம் நின்றுபோய்விடுமே என்னும் கவலைதான் அதில் பெரும்பங்கு. ஆனாலும் ஒரு கதவு திறந்தது” என்பது மச்சானின் கணிப்பு.

1963-இல் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி இதைவிடத் துணிந்தது. கறுப்பின வீரர்கள் உள்ள அணியுடன் ஆடக்கூடாதென நீதிமன்றத் தடை பெறப்பட்டது. ஆணை கையில் கிடைப்பதற்குள் அவ்வணி மாநிலத்தை விட்டு வெளியேறி, மிச்சிகனில் சிகாகோவின் லயோலா அணியைச் சந்தித்தது. இரு அணித் தலைவர்களும் கைகுலுக்கியபோது புகைப்படக் கருவிகள் விடாமல் மின்னின. மிசிசிப்பி 61-51 என்று தோற்றது. “தோற்றவர்களை நாடு இன்னும் நினைவில் வைத்திருக்கின்ற ஆட்டம் அது” என்பார் மச்சான்.

அரசியல்வாதிகளும் இப்பித்தின் வலிமையை நன்கறிவார்கள். 1969 டிசம்பரில் டெக்சாஸ் அணி ஆர்கன்சாஸை 15-14 என்று வென்றபோது, நேரில் பார்த்திருந்த குடியரசுத் தலைவர் நிக்சன் வீரர்களின் அறைக்கே சென்று, நாட்டின் முதல் அணி இதுவே என்று பட்டயம் வழங்கினார். அன்று ஆடிய இரண்டு அணிகளிலும் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. அதே பருவத்தில் தோல்வியே காணாத பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக அணியினர் கொதித்தனர். 1969-இல் பந்தாட்டத்தைப் பற்றி இவ்வளவு அறிந்திருந்தவர் 1973-இல் வாட்டர்கேட்டைப் பற்றி எதுவுமே அறியாமற்போனது எப்படி என்று, அவ்வணியின் பயிற்சியாளர் பின்னர் ஒரு பட்டமளிப்பு விழாவில் கேலி செய்தார்.

வீரர்களிலும் மனச்சான்றுக்குச் செவிசாய்த்தோர் உண்டு. கலிஃபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு 1967, 1968, 1969 எனத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கூடைப்பந்துப் பட்டம் பெற்றுத் தந்தவர் லூ அல்சின்டர். தம் இனத்தார் நடத்தப்படும் முறையை எண்ணி, 1968 ஒலிம்பிக்கில் நாட்டுக்காக ஆடாமல் விலகி நின்றார், தூற்றப்பட்டார். அவ்வாண்டிலேயே இஸ்லாத்தைத் தழுவிய அவரைத்தான் உலகம் கரீம் அப்துல் ஜப்பார் என்று அறியும். 2016-இல் அவருக்கு நாட்டின் உயரிய விருதான குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. “ஒருகாலத்தில் நாட்டுப்பற்று இல்லாதவன் என்றார்கள். பிறகு பதக்கம் கொடுத்தார்கள். அவர் மாறவில்லை தம்பி” என்றார் மச்சான்.

இவ்வளவும் பிறரைப் பற்றிய தீர்ப்பு. தம்மைப் பற்றி மச்சான் சொன்னதுதான் என்னை எழுதத் தூண்டியது.

அவருடைய மகன் படித்தது ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில். அதாவது, மிச்சிகனின் பரம எதிரியிடம். வாப்பா மஞ்சளும் நீலமும். மகன் செந்நிறமும் சாம்பலும். 2023-இல் மிச்சிகன் அணி ஒரு குற்றச்சாட்டில் சிக்கியது. எதிரணிகளின் ஆட்டங்களுக்கு முன்கூட்டியே ஆளனுப்பி, அவர்களின் சைகைகளைப் பதிவு செய்து பொருள் கண்டறிந்தார்கள் என்பது வழக்கு. தலைமைப் பயிற்சியாளர் மூன்று ஆட்டங்களுக்கு விலக்கி வைக்கப்பட்டார். அணியோ அப்பருவத்திலேயே தேசியப் பட்டமும் வென்றது. “எல்லோரும் செய்வதுதான், எங்கள் வெற்றியைப் பொறுக்காதவர்களின் சூழ்ச்சி” என்று மச்சான் வாதாடினார். மகன் அமைதியாகக் கேட்டார்: “வாப்பா, இதையே ஒஹையோ செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?” மச்சான் அன்று விடை சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது. மச்சான் நெடுங்காலமாக ஆதரிக்கும் கட்சியின் தலைவர் செய்த ஒன்றை அவர் நியாயப்படுத்தினார். மறுகட்சியினர் செய்தபோது அதே செயலைக் கண்டித்தவர் அவர்தான். மகன் அந்தப் பழைய கேள்வியையே திரும்பக் கேட்டார். சொல் தடித்தது. பெருநாளன்றும் தொலைபேசி ஒலிக்கவில்லை. லாத்தா நடுவில் நின்று அழுததுதான் மிச்சம். எந்தக் கட்சி என்று நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்களும் சட்டையின் நிறத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வீர்கள்.

2025 ஆகஸ்டில் விசாரணை முடிந்து மிச்சிகன் அணிமீது கடும் அபராதம் விதிக்கப்பட்டது. பட்டம் பறிக்கப்படவில்லை. தீர்ப்பின் விவரத்தை முழுவதும் படித்துவிட்டு, அன்றிரவே மச்சான் மகனை அழைத்தார். “தீர்ப்புச் சரிதான் வாப்பா. ஒஹையோ செய்திருந்தால் இது போதாது என்றிருப்பேன்” என்றார். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, “பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு நானும் வரட்டுமா வாப்பா?” என்று கேட்டாராம் பிள்ளை.

“அரசியலைப் பற்றி இன்னும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஆனால் இப்போது எந்தச் செய்தியைப் படித்தாலும், சட்டையை மாற்றிப் போட்டுப் பார்க்கின்றேன். நம்மவன் செய்ததை அவன் செய்ததாக வைத்துப் பார்ப்பேன். அவன் செய்ததை நம்மவன் செய்ததாக. பாதி நேரம் வெட்கமாக இருக்கின்றது” என்றார் மச்சான்.

இது ஒருவரின் வீட்டு வழக்கு மட்டுமன்று. 2016-இல் மிச்சிகன் மாநிலம் எந்த வேட்பாளருக்கு என்பதை முடிவு செய்த வாக்கு வேறுபாடு 10,704. அந்த விளையாட்டரங்கில் பத்தில் ஒரு பங்கு! அவ்வளவு பேர் சட்டையின் நிறத்தை மறந்து சிந்தித்தால் ஒரு நாட்டின் போக்கே மாறக்கூடும்.

மக்களால் அது இயலும் என்பதற்கும் சான்றுண்டு. நெப்ராஸ்கா மாநிலத்தில் டாம் ஆஸ்பர்ன் என்னும் பயிற்சியாளர் மூன்று தேசியப் பட்டங்களை வென்று போற்றப்பட்டவர். 2000-இல் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 2006-இல் ஆளுநர் பதவிக்கு அவர் முயன்றபோது உட்கட்சித் தேர்தலிலேயே வேறொருவரைத் தேர்ந்தார்கள். பயிற்சியாளர்மீதிருந்த அன்பு குறையவில்லை. அன்பு வேறு, வாக்கு வேறு என்று பிரித்துப் பார்த்தார்கள், அவ்வளவே.

அணியை நேசிப்பதற்குக் காரணம் தேவையில்லை. தோற்றாலும் நம் அணி நம் அணிதான். அதில் அழகும் உண்டு. ஆட்சியோ பிறர் வாழ்வின்மீது செலுத்தப்படும் அதிகாரம். அங்கே காரணமில்லாத பற்று, யாரோ ஒரு வில்லிஸ் வார்டை வெளியே உட்காரவைத்துவிடும்.

வாசகப் பெருமக்களே! உங்கள் வீட்டிலும் இரு நிறச் சட்டைகள் இருக்கலாம். தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியும் ஏதோ ஒரு கட்சியின் பெயரால் முகம் திருப்பிக்கொண்டிருக்கலாம். அப்படியிருந்தால், அந்த மகன் கேட்ட கேள்வியை ஒருமுறை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்த பின், தொலைபேசியை எடுக்க அதிக நேரமாகாது.