சீட்டு வாங்கியவரும் ஆட்டம் பார்த்தவரும்

சேலையூர்க் குடும்பங்களுக்குச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் விளையாட்டுத் திடல் புதிதன்று. 1937-ஆம் ஆண்டில் நெரிசல் மிகுந்த ஜார்ஜ் டவுனை விட்டு அக்கல்லூரி தாம்பரத்துக்குப் பெயர்ந்தபோது, அதன் மாணவர் விடுதிகளுள் ஒன்றுக்கு நம் ஊரின் பெயரே சூட்டப்பட்டது. சேலையூர் விடுதி, புனித தோமையார் விடுதி, பிஷப் ஹீபர் விடுதி ஆகிய மூன்றுக்கும் இடையே நிலவிவரும் போட்டியுணர்ச்சி அங்குப் பயின்றோர் யாவரும் அறிந்ததே. தலை நரைத்த பின்னும் தம்மைச் சேலையூர்க்காரர் என்று சொல்லிக்கொள்வோர் எத்தனையோ ஊர்களில் உளர். அவர்களிற் பலர் நம் தெருக்களில் ஒருநாளும் குடியிருந்ததில்லை என்பது வேடிக்கை!

இவ்வளவு பற்று இருந்தும், இரு கல்லூரிகள் கால்பந்தாட்டத்தில் மோதும் மாலை வேளையில் எல்லைக்கோட்டருகே நிற்போர் யாவர்? களமிறங்காத மாற்று ஆட்டக்காரர், உடற்கல்வி ஆசிரியர், விடுதித் தோழர், வழியே போகையில் சற்றே நின்ற இரண்டொருவர். ஆடுகிறவனின் தாயையோ தந்தையையோ அங்குக் காண்பது அரிது. நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் கிடையாது. "இலவசமாகவே வராதவர் காசு கொடுத்தா வரப்போகிறார்?" என்று கேட்பார் உண்டு. வருவார் என்பதே என் கருத்து. அதற்குச் சான்று கடலுக்கு அப்பால் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் புனித யோவான் கல்லூரியும் மத்திய கல்லூரியும் 1904 முதல் கிரிக்கெட் ஆடி வருகின்றன. 'வடக்கின் பெரும் போர்' என்பது அதன் பெயர். மார்ச்சு மாதத்தில் அவ்வாட்டம் நடைபெறும் நாள்களில் நகரமே இரு கட்சியாகப் பிரிந்துவிடும். கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய பழைய மாணவர்கள் தம் ஊர்ப் பயணத்தை அவ்வாரத்துக்கென்றே ஒதுக்கி வைக்கின்றனர். உள்நாட்டுப் போரின்போது சில ஆண்டுகள் ஆட்டம் நின்றது. பின்னர் மீண்டும் தளிர்த்தது. கத்தோலிக்கர் நடத்தும் புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையே நடக்கும் 'பொன் அணிகளின் போர்' 1917-இல் தொடங்கியது. இந்நான்கும் கல்விக்கூடங்களே. தொழில்முறை ஆட்டக்காரர் எவரும் அங்கு ஆடுவதில்லை. ஆட்டத்தின் தரம் மட்டுமே கூட்டத்தைக் கூட்டுமாயின், அங்கு ஓர் ஈயும் வராது.

கொழும்பு இதனினும் ஒரு படி மேல். ராயல் கல்லூரிக்கும் கல்கிசைப் புனித தோமையார் கல்லூரிக்கும் 1879 முதல் நடந்துவரும் ஆட்டத்துக்கு நுழைவுச் சீட்டு உண்டு. அதைப் பெறுவதற்குப் போட்டியும் உண்டு. அச்சீட்டுகள் பெரும்பாலும் கல்லூரிகள் வாயிலாகவும் பழைய மாணவர் சங்கங்கள் வாயிலாகவுமே கைமாறுகின்றன. ஆகவே பக்கத்து இருக்கையில் அமர்பவர் உடன் படித்தவராகவோ, அவருடைய மகனாகவோ இருப்பார். புனித சூசையப்பர் கல்லூரியும் புனித பேதுரு கல்லூரியும் 1933 முதல் ஆடிவரும் ஆட்டமும் அத்தகையதே. 1922-இல் புனித பேதுரு கல்லூரியைத் தொடங்கியவர் சூசையப்பர் கல்லூரியின் அதிபரான அருட்தந்தை லெகோக் என்பவர். தாய் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் நடக்கும் சண்டை! பார்க்க எவர்தாம் வரமாட்டார்?

சீட்டு விற்றுத் தீர்ந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் திருச்சிலுவைச் சபைக் குருக்கள் 1842-இல் நிறுவிய நோட்டர் டேம் பல்கலைக்கழகம் கால்பந்துக்குப் பேர்போனது. (அவர்கள் கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது, பெயரை வைத்து ஏமாற வேண்டா.) 1973-இன் இறுதி முதல் அப்பல்கலைக்கழகத்தின் திடலில் தொடர்ந்து 273 ஆட்டங்களுக்குச் சீட்டு முழுவதும் விற்றுத் தீர்ந்தது. 2019 நவம்பர் 16 அன்று அத்தொடர் அறுந்தது. எழுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளுக்கு, கணக்கில் வந்தவர்கள் 74,080 பேர். அன்று எதிரணியாக வந்தது அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி. இரண்டாம் உலகப் போரின்போது மாணவர் குறைந்து பல்கலைக்கழகம் தள்ளாடிய வேளையில், தன் பயிற்சி முகாமை அங்கு அமைத்து அதைத் தாங்கியது கடற்படையே. அந்நன்றியை மறவாமல் ஆண்டுதோறும் அதனோடு ஆடுவதைப் பல்கலைக்கழகம் ஒரு கடமையாகவே கொண்டிருந்தது. 1991 முதல் உள்ளூர் ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வருகின்றன. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றான பின்னும் இத்தனை பேர் குளிரில் வந்து அமர்ந்ததை வியப்பதா, மூவாயிரம் இருக்கைகள் எஞ்சியதற்கு வருந்துவதா? நான் வியப்பவர் கட்சி.

சீட்டுக்கு வேறொரு பயனும் உண்டு. எத்தனை பேர் வருவர், எவர் எங்கே அமர்வர் என்பதை அது முன்னரே சொல்லிவிடும். 1980 ஆகஸ்டு 16 அன்று கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியபோது இருதரப்பு ரசிகர்களும் ஒரே பகுதியில் கலந்து அமர்ந்திருந்தனர். அங்கு மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை என்பதைவிடக் கொடிய செய்தி ஒரு தாய்க்கு வேறென்ன? அவர்கள் நினைவாக அந்நாளில் அங்கு இரத்ததான முகாம் நடத்துகிறார்கள். திருவிழாவுக்கும் தேர்ப்பவனிக்கும் கூட்டம் சேர்க்கும் நம் பங்குகளும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

நம் பகுதிக்கு வருவோம். கல்லூரியோ பங்கு இளைஞர் மன்றமோ கால்பந்துப் போட்டி நடத்துமாயின், பத்து ரூபாய்க்கேனும் சீட்டு அச்சிடலாம். சுவரொட்டி ஒட்டுவதோடு நின்றுவிடாமல், ஆடும் பையன்களே வீடு வீடாகச் சென்று விற்கட்டும். அவன் முகத்தைப் பார்த்து வாங்கியவர் அவன் ஆட்டத்தையும் பார்க்க வருவார்; இலவசச் சீட்டு மேசை இழுப்பறையிலேயே உறங்கும். முக்கியமானவர்களுக்கென்று முன்வரிசையை ஒதுக்கி, அவர்கள் வராமல் நாற்காலிகள் வெயிலில் காய்வதை நிறுத்தலாம். வசூலைப் பந்துக்கும் வலைக்கும் காலணிக்கும் செலவிட்டு, கணக்கை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். ஆட்டத்தை ஐந்து மணிக்குத் தொடங்கினால் அலுவலகத்திலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் வந்திறங்குவோர் பிற்பாதியையேனும் காண்பர். அந்த நேரத்துக்குப் பாதிச் சீட்டும் விற்கலாம், ஐந்து ரூபாய்க்கு.