பொறுமையைக் கேட்பவர் விதைத்தாரா?

2025 நவம்பர் 1ஆம் நாளிரவு, கனடாவின் ரொறன்ரோ நகரில், பேஸ்போல் ஆட்டத்தின் உலகத் தொடர் முடிவுற்றது. ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணி வென்று, 2024ஐ அடுத்து இரண்டாம் முறையும் வாகை சூடியது. வெற்றி முழக்கம் அடங்குமுன்னரே பழைய பூசலும் தொடங்கிவிட்டது. பணம் வாகையை விலைக்கு வாங்கிவிட்டது, ஏழை அணிகளுக்கு இனிக் கதியில்லை என்கின்றனர் ஒரு சாரார். பணத்தை நம்புவது மடமை, இளைஞரைப் பயிற்றிப் பொறுத்திருந்தால் காலம் கனியும் என்கின்றனர் மறு சாரார்.

தூர நாட்டு விளையாட்டைப் பற்றி நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். பொறுமை நல்ல சொல். ஆயினும் அதனை யார், யாரிடம், எதன்பொருட்டுக் கேட்கிறார் என்று ஆராயாது தலையசைப்பது நல்லதன்று. அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய ஆண்டுக் கணக்கும் தொகைக் கணக்கும் இவ்விளையாட்டில் மறைவின்றிக் கிடக்கின்றன. ஆதலின் எழுதுகிறோம்.

உரிமை வந்த வழி

அமெரிக்காவின் பெரும் பேஸ்போல் சங்கத்தில் 30 அணிகள் உள. ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். சம்பளத்துக்கு உச்ச எல்லை கிடையாது. குறித்த தொகையைக் கடக்கும் அணி வரி கட்ட வேண்டும், அவ்வளவே.

ஒரு காலத்தில் ஓர் அணியுடன் ஒப்பமிட்ட ஆட்டக்காரர், அந்த அணி விரும்பும் வரை அதற்கே உரியவராயிருந்தார். வேறிடத்தில் விலை பேச அவருக்கு உரிமையில்லை. 1969இல் சென்ற் லூயிஸ் அணி கேர்ட் பிளட் என்னும் கறுப்பின வீரரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது, தாம் வாங்கி விற்கும் சரக்கல்லர் என்று அவர் மறுத்து வழக்காடினார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் தோற்றார், அவர் எழுப்பிய வினா தோற்கவில்லை. 1975 டிசம்பரில் நடுவர் பீற்றர் சைற்ஸ், மெசர்ஸ்மித், மக்னலி என்னும் இருவரின் வழக்கில், அவர்கள் எவ்வணிக்கும் கட்டுப்பட்டவர் அல்லர் என்று தீர்த்தார். இன்று பெரும் சங்கத்தில் ஆறு ஆண்டு நிறைவு செய்தவர் சுயாதீன ஆட்டக்காரராகித் தம் உழைப்பை விரும்பிய அணிக்கு விற்கலாம்.

இவ்வரலாற்றை அறிந்தபின், பெருஞ் சம்பளம் பெறும் ஆட்டக்காரரைப் பேராசைக்காரர் என்று தூற்றுவோருடன் நாம் சேரமாட்டோம். அது போராடிப் பெற்ற உரிமை. நாம் ஆராய்வது வாங்குவோரின் அறிவையும் வாங்க மறுப்போரின் நேர்மையையுமே.

வாங்கிக் கெட்டோர்

பணத்தால் மட்டும் வாகை வாராது என்பதற்குக் கலிபோர்ணியாவின் ஏஞ்சல்ஸ் அணி சான்று. 2011 டிசம்பரில் அல்பேட் பூஹோல்ஸை 10 ஆண்டுக்கு 24 கோடி டொலர் கொடுத்து எடுத்தனர். அடுத்த ஆண்டு ஜோஷ் ஹமில்டனை 5 ஆண்டுக்கு 12 கோடி 50 இலட்சத்துக்கு எடுத்தனர். 2019 டிசம்பரில் அந்தனி ரெண்டோனை 7 ஆண்டுக்கு 24 கோடி 50 இலட்சத்துக்கு எடுத்தனர். பூஹோல்ஸ் ஒப்பந்தம் முடியுமுன்னரே 2021இல் விடுவிக்கப்பட்டார். காயங்களால் நலிந்த ரெண்டோன், 2020 முதல் 2025 வரை எப்பருவத்திலும் 60 ஆட்டங்களை எட்டவில்லை.

இத்தனைக்கும் மைக் ட்ரவுட், ஷோஹெய் ஒஹ்தானி என்னும் இரு ஒப்பற்ற வீரர்கள் 2018 முதல் 2023 வரை அந்த ஒரே அணியில் ஆடினர். பயன் என்ன? 2014இல் இறுதிச் சுற்றுக்குப் போய் மூன்று ஆட்டத்திலும் தோற்ற அவ்வணி, 2025 வரை மீண்டும் அவ்வாசலை மிதிக்கவில்லை. மாளிகைக்குச் சந்தனக் கதவு வாங்கினர்; சுவர் எழுப்ப ஆளில்லை.

நியூயோர்க் மெற்ஸ் அணியின் கதையும் இதுவே. 2023இல் அதுவரை எவ்வணியும் கொடாத சம்பளத் தொகையைக் கொடுத்து, 75 வெற்றியும் 87 தோல்வியும் பெற்றது. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுக்கு 76 கோடி 50 இலட்சம் டொலர் என்று ஒப்பமிட்டது. 2025இல் இறுதிச் சுற்று வாய்ப்பைக் கடைசி நாளில் இழந்து வீடு திரும்பியது.

பொறுத்து வென்றோர்

வளர்த்தெடுக்கும் முறைக்கும் நெடிய வரலாறு உண்டு. 1920ஆம் ஆண்டுகளில் சென்ற் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி, பணக்கார அணிகளோடு ஏலத்தில் போட்டியிடுவது ஆகாது என்று கண்டார். சிறு நகரங்களின் சிற்றணிகளைத் தம் அணியோடு இணைத்து, இளைஞரைச் சேர்த்துப் படிப்படியாகப் பயிற்றி, தேறியோரை மேலே கொணர்ந்தார். அவர் காலத்தில் 1926, 1931, 1934, 1942 ஆகிய நான்கு ஆண்டுகளில் அவ்வணி வாகை சூடியது. இச்சிற்றணிகளை அமெரிக்கர் 'கமம்' என்னும் பொருள்படும் சொல்லாலேயே இன்றும் அழைக்கின்றனர். கமஞ்செய்யும் நம் வாசகருக்கு அச்சொல்லின் பொருத்தத்தை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1965 முதல் வேறொரு வாய்ப்பும் வந்தது. புதிய இளைஞரைத் தெரிவு செய்கையில், முந்திய ஆண்டில் மிகவும் தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை என்று விதித்தனர். தோல்வியே முதலாகலாயிற்று. ஹூஸ்டன் அணி 2011இல் 106, 2012இல் 107, 2013இல் 111 ஆட்டங்களில் தோற்றது. 2017இல் உலகத் தொடரை வென்றது. சிக்காகோ கப்ஸ் அணி 2012இல் 101 ஆட்டங்களில் தோற்றது. 2016இல் வென்று, 1908 முதல் நீடித்த 108 ஆண்டுத் தாகத்தைத் தீர்த்தது.

பொறுமைக் கட்சியார் இங்கே கதையை நிறுத்திவிடுகின்றனர். நாம் சற்று மேலே போவோம். சிக்காகோ வெறுமனே காத்திருந்து வெல்லவில்லை. இளைஞர் தேறிவரும் வேளை பார்த்து, 2014 டிசம்பரில் ஜோன் லெஸ்டர் என்னும் பந்தெறிவோருக்கு 6 ஆண்டுக்கு 15 கோடி 50 இலட்சம் டொலர் கொடுத்தது. பயிர் குடலையாகும் வேளையில் பசளைக்குப் பணமில்லை என்று கைவிரிக்கவில்லை.

அந்த வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. அதே அணி 2015இல் கிறிஸ் பிரயன்ற் என்னும் தேர்ந்த இளைஞரைப் பருவத் தொடக்கத்தில் சில நாள் சிற்றணியில் வைத்திருந்து பின்னரே அழைத்தது. இதனால் அவர் கணக்கில் அவ்வாண்டு நிறைவடைய ஒரு நாள் குறைந்தது. அவர் சுயாதீனராவது ஓராண்டு பிந்தியது. அவர் முறையிட்டார், 2020இல் நடுவர் அம்முறையீட்டை ஏற்கவில்லை. ஹூஸ்டன் அணியோ 2017இல் எதிரணியின் சைகைகளைக் கமெராவால் திருடியது என்பது 2020 ஜனவரியில் விசாரணையில் வெளியாயிற்று. 50 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. மூன்றாண்டுத் தோல்வியைச் சகித்த மக்களின் கையில் கறைபட்ட வாகையே எஞ்சியது.

தரிசு நிலம்

பொறுத்து வென்றோரை எல்லோரும் எண்ணுகின்றனர்; பொறுத்துக் கெட்டோரை எண்ணுவார் இலர். பிற்ஸ்பேர்க் அணி 1993 முதல் 2012 வரை 20 பருவங்கள் தொடர்ந்து வெற்றியினும் தோல்வியே மிகப் பெற்றது. அக்காலத்தில் பிறந்த குழந்தை வளர்ந்து வாக்குரிமை பெறும் வயதையும் கடந்துவிட்டது.

இன்னும் கொடியது ஒக்லண்ட் நகரின் கதை. 2002இல் அவ்வணி ஏறத்தாழ 4 கோடி டொலர் சம்பளத்தில் 103 வெற்றி பெற்றது. 12 கோடிக்கு மேற் செலவிட்ட நியூயோர்க் யாங்கீஸும் அதே 103 வெற்றிதான் பெற்றது. சிக்கனத்தோடு அறிவு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று. அதே அணி 2022 மார்ச்சில் தன் சிறந்த வீரர்களைப் பிற அணிகளுக்குக் கொடுத்தது. அவ்வாண்டு 102 தோல்வி. 2023இல் 112 தோல்வி. மீளக் கட்டுகிறோம் என்பதே அன்றும் சொல்லப்பட்டது. 2023 ஜூன் 13ஆம் நாள் 27,000க்கும் மேற்பட்ட மக்கள் மைதானத்தில் திரண்டு, அணியை விற்றுவிடு என்று சொந்தக்காரரை நோக்கி முழங்கினர். அவர் விற்கவில்லை. 1968 முதல் அந்நகரில் ஆடிய அணி, 2024 பருவத்தோடு நகரைவிட்டே போயிற்று.

ஆறப்போட்ட வயலும் கைவிட்ட வயலும் தெருவில் நின்று பார்ப்பவனுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் புல் மண்டியிருக்கும். வேறுபாடு வயலில் இல்லை. வயற்காரன் வீட்டில் விதைநெல் இருக்கிறதா என்பதில் இருக்கிறது. விதைநெல்லையும் விற்றுவிட்டவன் அடுத்த போகத்தைப் பற்றிப் பேசினால் அயலவர் நம்புவரோ? அணிச் சொந்தக்காரர் பேசினால் மட்டும் நம்ப வேண்டும் என்கின்றனர்.

செல்வ அணிகளின் வருமானத்தில் ஒரு பங்கு ஏழை அணிகளுக்குப் பகிரப்படுகிறது. அதனை ஆட்டத்தை மேம்படுத்தவே செலவிட வேண்டும் என்பது விதி. 2018இல் ஒக்லண்ட், பிற்ஸ்பேர்க் உட்பட நான்கு அணிகள் அவ்விதியைப் பேணவில்லை என்று ஆட்டக்காரர் சங்கம் முறையிட்டது. 2022இல் எழுதிய உடன்படிக்கையிலோ, தெரிவின் முதல் ஆறு இடங்களும் இனிக் குலுக்கல் முறையிலே என்று வைத்தனர். தோல்விக்குப் பரிசளித்தோம் என்பதைச் சங்கமே ஒப்புக்கொண்டதாக நாம் இதைக் கொள்கிறோம்.

நமது தீர்ப்பு

இனித் தொடங்கிய இடத்துக்கு மீள்வோம். டொட்ஜர்ஸ் அணி ஒஹ்தானிக்கு 10 ஆண்டுக்கு 70 கோடி டொலர் என்று ஒப்பமிட்டது; அதில் 68 கோடி பிற்காலத்தில் கொடுக்கப்படும். ஜப்பானிய வீரர் யமமோட்டோவுக்கு 12 ஆண்டுக்கு 32 கோடி 50 இலட்சம். 2025 உலகத் தொடரின் தலைசிறந்த வீரர் அந்த யமமோட்டோவே. ஆனால் ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸில் வெற்றி அடியை அடித்தவர் யார்? 2016இல் இளைஞர் தெரிவிற் சேர்த்து, அவ்வணியே சிற்றணிகளிற் பயிற்றி வளர்த்த வில் ஸ்மித். வாங்கிய கையும் வளர்த்த கையும் சேர்ந்தே அந்த வாகையைத் தூக்கின.

பல்ரிமோர் அணியையும் பாருங்கள். 2018இல் 115 தோல்வி. பொறுமையாக வளர்த்து 2023இல் 101 வெற்றி. தலைசிறந்த பந்தெறிவோர் கோர்பின் பேர்ன்ஸ் 2024 பருவத்தின் பின் வேறு அணிக்குப் போனார். 2025இல் 75 வெற்றி, 87 தோல்வி. அதன் பின்னரே, 2025 டிசம்பரில், பீற் அலொன்சோவை 15 கோடி 50 இலட்சத்துக்கு எடுத்தனர். வளர்ப்பதில் வல்லவர்களும் வாங்கும் காலத்தைத் தவறவிட்டால் இடறுவர்.

வளர்ப்பதா, வாங்குவதா என்னும் பட்டிமன்றம் பயனற்றது என்பதே நம் கருத்து. அவ்வாதத்தின் நிழலில் சில சொந்தக்காரர் இலாபத்தை எண்ணிக்கொண்டிருக்கின்றனர். தோற்கும் ஆண்டிலும் அவர்தம் சொத்தின் மதிப்பு ஏறுகிறது. காத்திருப்பின் செலவை ஏற்போர், நுழைவுச் சீட்டு வாங்கும் தொழிலாளியும் மேலே வர நாளெண்ணும் இளைஞனுமே.

ஆகவே பொறுமையைக் கேட்கும் சொந்தக்காரரிடம் மூன்று வினாக்களைக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. நீர் எதை விதைத்தீர்? எந்த ஆண்டில் அறுவடை? பயிர் முற்றும் வேளையில் செலவிடப் பணம் ஒதுக்கியுள்ளீரா? மூன்றுக்கும் விடை கூறுபவரோடு பத்தாண்டும் காத்திருக்கலாம். விடை கூறாதவருக்கு ஒரு பருவமும் கடன் கொடுத்தலாகாது.

காத்திருக்கக் கமக்காரனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. விதைக்காத வயலின் வரம்பில் அவன் காத்திருப்பதில்லை.