தீராத நோய் என்று யார் முடிவு செய்வது?

கடலூர் மாவட்டம் மேல்பட்டாம்பாக்கம் கடைத்தெருவில் ஒரு செவலைப் பெட்டை நாய். வாலடியில் காலிஃபிளவர் போலப் பிதுங்கிய சிவந்த சதை. டீக்கடை வாசலில் படுத்து எழுந்தால், தரையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ரத்தக்கறை. உடனே ஈ மொய்க்கும். "பேரூராட்சியில சொல்லி ஊசி போட்டுடச் சொல்லுங்க சார், பாக்க முடியல" என்றார் கடைக்காரர். அந்த நாய்க்கு வேண்டியதும் ஊசிதான், ஆனால் அவர் சொன்ன ஊசி இல்லை.

தீராத நோயுள்ள தெருநாய்களைக் கருணைக்கொலை செய்யலாம் என்று தமிழக அரசு 2025 ஜூலையில் அனுமதி தந்தது. ஆகஸ்டில் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்ற உத்தரவும் வந்தபின், தெருநாய் என்றாலே அகற்றுவது பற்றித்தான் பேச்சு. வலியில் துடிக்கும் உயிரை விடுவிப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால், தீராத நோய் எது என்று தெருவில் நின்று பார்ப்பவர் கண்ணை வைத்து முடிவு செய்தால், முதலில் சாகப்போவது செவலை மாதிரி நாய்கள்தான்.

செவலைக்கு வந்திருப்பது டாக்டர்கள் டி.வி.டி. என்று சொல்லும் புற்றுநோய். இனச்சேர்க்கையிலும், நக்குவது, முகர்வதிலும் பரவும். ஒரு நாயின் புற்றணுவே அடுத்த நாயின் உடம்பில் ஒட்டி வளர்கிறது. 546 கட்டிகளின் மரபணுவை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரே நாயிடமிருந்து கிளம்பிய அணுக்கள் இவை என்கிறது. இத்தனை பழைய நோய், வின்கிரிஸ்டின் என்ற ஒரே மருந்துக்கு அடங்கிவிடுகிறது. வாரம் ஒரு ஊசி. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். பத்தில் ஒன்பது நாய்கள் தேறிவிடும்.

இந்த மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? நித்தியகல்யாணியிலிருந்து. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிய அதே செடி. கெடிலக் கரையில், ரயில் பாதையோரத்தில், நம் வீட்டுத் தொட்டியில் ஐந்திதழ் ஊதாப்பூவோடு நிற்கிறதே, அதுதான். தென் மாவட்டங்களில் மானாவாரியாகவே பயிரிடுகிறார்கள். இதன் கூடப்பிறந்த மருந்தான வின்பிளாஸ்டினில் ஒரு கிராம் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் அதைவிட அரிது. 1963இல் அமெரிக்கா அனுமதித்த இம்மருந்து, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளை உலகம் முழுக்கக் காப்பாற்றி வருகிறது. 15 கிலோ நாய்க்கு ஒரு தடவைக்கு 0.4 மில்லிகிராம்கூட ஆகாது. ஒரு மில்லிகிராம் குப்பியில் இரண்டு நாய்க்குப் போடலாம். நம் மண்ணில் விளையும் செடியின் மருந்து, நம் ஊர் நாய்க்கு இல்லை!

ஒரு கால்நடை மருந்தகத்தில் கேட்டேன். "ஸ்டாக் வராது" என்றார்கள். கட்டி தெரிந்த நாயைக் கருத்தடை முகாமில் திருப்பி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். கையில் மருந்தே வைத்துக்கொள்ளாமல் நோயைத் தீராதது என்று எழுத எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது. இது கருணை அல்ல, கைகழுவல்.

மனிதனுக்கே மருந்தில்லை என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன். அவர்கள் மனிதனுக்காகவும் எந்த மருந்தகத்தின் முன்பும் நின்றதில்லை. கவனம் வேண்டும் என்று தயங்கும் டாக்டர்கள் வேறு. ஊசி ரத்தக்குழாயை விட்டு விலகினால் சதை அழுகும்; மருந்தால் வெள்ளணு குறையும்; கையுறை கட்டாயம். அதற்குப் பயிற்சி கொடுங்கள். எலும்புப் புற்றோ நிணநீர்ப் புற்றோ வந்த நாயைத் தெருவில் வைத்துக் காப்பாற்றுவது கடினம்தான். டி.வி.டி. அப்படியல்ல.

ஒவ்வொரு கால்நடை மருந்தகத்துக்கும் வின்கிரிஸ்டின் கொடுங்கள். கருத்தடைக்குப் பிடிக்கும் நாய்களில் கட்டி உள்ளவற்றை ஆறு வாரம் கூண்டில் வைத்து ஊசி போட்டு விடுங்கள். கடலூர் மாவட்டத்தில் இந்த நோய் குறையும்.

செவலைக்குப் புதுச்சேரியில் மருந்து வாங்கிவந்தோம். தெரிந்த டாக்டர் ஒருவர் போட்டார். நான்கு ஊசி ஆயிற்று. கட்டி சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. டீக்கடைக்காரர் இப்போது அதற்குப் பொறை போடுகிறார். திங்கள்கிழமை ஐந்தாவது ஊசி.