சிமெண்டுத் திருப்பணி

கிரிவலப் பாதையில் ஒரு பதினாறுகால் மண்டபம். எந்த இரண்டு லிங்கங்களுக்கு நடுவில் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அதைப் புதுப்பித்த புண்ணியவான்கள் இன்னார் என்று திருவண்ணாமலையில் எல்லோருக்கும் விளங்கிவிடும். என் வழக்கு அந்த நாலு பேரோடு முடிகிற வழக்கு அன்று.

ஆண்டுதோறும் திருவூடல் கழிந்த வாரத்தில் முதுகலை மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வேன். பதினைந்து ஆண்டுப் பழக்கம். மண்டபத்தின் தென்புற அடித்தளக் கல்லில் நான்கு வரிக் கல்வெட்டு ஒன்று இருந்தது. முதல் வரியின் தொடக்கமும் கடைசி வரியின் முடிவும் பொரிந்து போனவை. அரசன் பெயரும் ஆட்சியாண்டும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்டார் என்ற அளவில் செய்தி தெளிவு. வகுப்பில் மெய்க்கீர்த்திக்குக் கொட்டாவி விடுகிற பிள்ளைகள், அந்தக் கல்லின் முன் மண்டியிட்டு அமர்ந்து, புள்ளியில்லாத எழுத்துகளை விரலால் தடவித் தடவி, இது குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்று ஒருவரோடொருவர் வாதிடுவார்கள். அரைமணி நேரம் கழித்துத் ‘தண்ணீர்’ என்ற சொல் பிடிபடும். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். தமிழிலக்கியம் கற்பிக்கிறவனுக்கு ஆண்டில் ஒருநாள் கிடைக்கிற கூலி அது.

சென்ற தை மாதம் போனபோது கல்வெட்டு இல்லை. தரையை முக்கால் அடி உயர்த்தி வழுவழுப்பான டைல்ஸ் பாவியிருந்தார்கள். அடித்தளத்தின் பக்கங்களுக்கும் அதே டைல்ஸ். தூண்களில் மணல் வீச்சு அடித்துப் பழைய கருமையைச் சுரண்டி எடுத்து, மேலே வார்னிஷ் பூசியிருந்தார்கள். நீரில் நனைந்த எருமைபோல் அவை பளபளத்தன. போதிகைகளுக்கு நீலமும் மஞ்சளுமாக எனாமல். கூரைமேல் புதிய கான்கிரீட். “ஐயா, எங்கே படிக்க வேண்டும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தானாகவே முகப்பில் பதித்திருந்த கறுப்புக் கிரானைட் பலகைக்குப் போய் உரக்கப் படிக்கத் தொடங்கினாள். உபயதாரர் பெயர்கள் பதினான்கு, கைபேசி எண்கள் இரண்டு.

இனி நட்டக் கணக்கு. அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகளைப் பி.ஆர். சீனிவாசன் பதிப்பித்தார். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வாளர்கள் இவ்வூரைப் பற்றிப் பல தொகுதிகளாக எழுதிய பெரும் ஆய்வின் பகுதியாக அவை 1990-ஐ ஒட்டி வெளிவந்தன. அவற்றில் என் மண்டபத்துக் கல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. என்னிடம் இருப்பவை வெவ்வேறு ஆண்டுகளில் மாணவர்கள் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிய மூன்று நோட்டுப் பிரதிகள். மூன்றிலும் மூன்று பாடபேதம். ஒன்றில் ‘குழி’ என்றிருப்பது இன்னொன்றில் ‘கழனி’. எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கல் இல்லை. படி எடுத்து வைக்காதது என் குற்றம், அதை மறைக்கவில்லை. நாளையும் இருக்கும் என்று நம்பினேன். கல்லாயிற்றே.

இலக்கியம் பேசுகிற நண்பர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஓலையில் வந்த நூல்கள் ஏடெழுதுவோர் கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்தவை. கல்வெட்டோ பொறித்த அன்றைக்கு இருந்தபடியே நிற்கும் தமிழ். சாமானிய மனிதர்கள் நிலம் அளந்ததும் ஆடு கொடுத்ததும் சண்டையிட்டுத் தீர்த்துக்கொண்டதும் அன்றைய உரைநடையில் வேறெங்கே இருக்கிறது? உ.வே.சா. ஏடு தேடி அலைந்த கதையைக் கண்ணீர் மல்கப் பேசுகிறோம். நடைபாதையில் நிற்கும் ஏட்டை டைல்ஸ் போட்டு மூடினால் நன்கொடை ரசீது வாங்கிக்கொள்கிறோம்.

திருப்பணிக் குழுவினர் ஒருவரிடம் நேரில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “சார், கூரை ஒழுகிக்கிட்டு இருந்துச்சு. மேல அரசமரம் முளைச்சு வேர் உள்ள எறங்கிடுச்சு. பௌர்ணமிக்கு வர்ற சனம் மழைக்கு எங்க ஒதுங்கும்? உங்களுக்கு எழுத்து முக்கியம், எங்களுக்குச் சனம் முக்கியம்” என்றார். இந்த வாதத்தை எள்ளி நகையாட நான் தயாரில்லை. பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கிற கிழவிக்கு நிழல் வேண்டும். கூரையைச் செப்பனிட்டே தீர வேண்டும். ஆனால் அவர்கள் செய்த வேலை கூரையைக் காப்பாற்றுகிறதா? அதைத்தான் நான் மறுக்கிறேன்.

கல் அழுத்தத்தைத் தாங்கும்; வளைத்தால் தாங்காது. தூணின்மேல் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் நிற்கும். இரண்டு தூண்களுக்கு இடையே கிடக்கிற உத்தரமும் பாவுகல்லும் அப்படியல்ல. பழைய கொத்தனார் இதை அறிந்துதான் தூண் இடைவெளியைக் குறைத்தார், போதிகை வைத்தார், மேலே செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டார். இப்போது பழுதான பழைய தளத்தை எடுக்காமலே அதன்மேல் நான்கு அங்குலக் கான்கிரீட் போடுகிறார்கள். பத்துச் சதுர மீட்டருக்கு அது ஏறக்குறைய இரண்டரை டன் கூடுதல் பாரம். அரசமரத்து வேரையாவது வெட்டி எடுக்கலாம். இதை என்ன செய்வது?

அடுத்து சிமெண்டின் குணம். சுண்ணாம்புச் சாந்து கொஞ்சம் நெகிழும். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் கல்லோடு ஒத்துப்போகும். உள்ளே புகுந்த ஈரத்தை மெல்ல வெளியே விடும். சிமெண்டு விறைப்பானது. இரண்டு கோடைகளில் மயிரிழைபோல் வெடிக்கும். அந்த வெடிப்பில் நீர் இறங்கும். இறங்கிய நீர் ஆவியாக வழியின்றி உள்ளேயே தங்கும். ஐந்தாம் ஆண்டு கூரை மறுபடி ஒழுகும். அப்போது பெயர்த்தெடுக்கலாம் என்றால், கல்லோடு ஒட்டிய சிமெண்டு கல்லின் தோலையும் உரித்துக்கொண்டுதான் வரும். உள்ளே வைக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து ஊதிக் கல்லைப் பிளக்கும். ஏதென்சு நகரத்துப் பார்த்தெனானில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலானோஸ் என்ற பொறியாளர் இப்படி இரும்புப் பட்டைகளை வைத்துப் பளிங்கைப் பிளக்கவிட்டார். 1975-இல் குழு அமைத்து, அவற்றையெல்லாம் கழற்றி டைட்டானியம் வைத்துப் பொருத்தும் வேலையைத் தொடங்கினார்கள். பழங்காலக் கிரேக்கர் வைத்த இரும்பு கெடவில்லை. அவர்கள் அதன்மேல் ஈயம் வார்த்திருந்தார்கள்.

செங்கம் சாலைப் பக்கம் சில மாதங்கள் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் இதையெல்லாம் தம் அனுபவமாகவே சொன்னார். மலைநாட்டில் அவர் தந்தை விட்டுச்சென்ற பழைய கல்கொட்டகை. கீழே மாடு, மேலே வைக்கோல். எப்போதோ யாரோ சுவரின் இணைப்புகளில் சிமெண்டு அடைத்துவிட்டார்களாம். பனிக்காலத்தில் உள்ளே தங்கிய ஈரம் உறைந்து கல்லின் முகம் தகடு தகடாக உதிர்ந்தது. மூன்று கோடை விடுமுறைகளைச் செலவிட்டு, சிறு உளியால் சிமெண்டை நோண்டி எடுத்து, சுண்ணாம்பு வைத்துத் திரும்பப் பூசியிருக்கிறார். இங்கே பனி உறைவதில்லை. மழையும் வெயிலும் அதே வினையைச் சற்றுத் தாமதமாகச் செய்கின்றன. வெள்ளைக்காரர் சொன்னால்தான் ஏற்போமா என்று உறுமுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இது நம் பாட்டனுக்குத் தெரிந்த விஷயம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு அரைத்தது பிரான்சில் அன்று. மாடு கட்டிய கொட்டகைக்கு அந்த மனிதர் காட்டிய பொறுமையை, மலை சுற்ற எழுந்தருளும் சாமி இளைப்பாறுவதற்கென்று கட்டிய மண்டபத்துக்கு நாம் காட்டவில்லை என்பதே என் ஆற்றாமை.

ஆகம வாதத்துக்கு வருகிறேன். கோயில் அருங்காட்சியகம் ஆகாது, வழிபாட்டில் இருப்பது புதுப்பிக்கப்பட்டே ஆக வேண்டும், ஜீர்ணோத்தாரணம் விதிக்கப்பட்ட கடமை என்கிறார்கள். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அந்த விதியைப் படித்தார்களா என்பதுதான் ஐயம். மயமதத்தில் புதுப்பித்தலுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. அங்கங்களும் உபாங்கங்களும் அடையாளம் தெரியும்படி நிற்கிற கட்டடத்தை அதன் சொந்தப் பொருள்களைக் கொண்டே புதுப்பிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. டைல்ஸ் எந்த ஆகமத்தில் வருகிறது?

நம் அரசர்கள் பழையதை இடிக்கவில்லையா என்றும் கேட்கிறார்கள். இடித்தார்கள். எப்படி இடித்தார்கள் என்று பார்ப்போம். திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் அங்கிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் சொன்னான். கட்டி முடிந்தபின், மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அந்தப் படியைப் பார்த்து எல்லாவற்றையும் மீண்டும் கல்லில் வெட்டினார்கள். தந்தை இறந்தும் பன்னிரண்டு ஆண்டுபோல் ஆகிவிட்டது. கங்கைவரை படை அனுப்பிய அரசு, ஓர் ஊர்க் கோயிலின் பழைய கணக்கை மறக்கவில்லை. அதற்கும் முன்னால், திருக்கோடிகாவைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியார் பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மறுபடி வெட்டுவித்தார். இப்படி வெட்டியவற்றில் ‘பழங்கற்படி’ என்று குறிப்பார்கள். பழைய கல்லின் படி. தாம் கட்டிய கோயிலில், தமக்கு முன்னால் விளக்கெரித்தவன் பெயரைத் தம் செலவில் பொறித்த அரசி அவர். நம் உபயதாரரோ தமக்கு முன்னால் தண்ணீர்ப் பந்தல் வைத்தவன் பெயர்மேல் டைல்ஸ் ஒட்டுகிறார்.

கொடையின் இயல்பே மாறிப்போய்விட்டது. பழைய கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ வரும். ஆடு சாகும், மூக்கும். மந்தை குறையாமல் இடையன் காக்க வேண்டும், விளக்கு நாள்தோறும் எரிய வேண்டும் என்பது ஏற்பாடு. கோயிலைப் பழுதுபார்க்கவென்றே நிலம் விடுவார்கள். அதற்குப் ‘புதுக்குப்புறம்’ என்று பெயர். ஓடு பெயர்ந்தால் மாற்ற, செடி முளைத்தால் பிடுங்க, ஆண்டாண்டும் வருமானம். இன்று செடி பிடுங்க ஐந்நூறு ரூபாய் கேட்டால் ஒருவரும் தரமாட்டார். அதில் பெயர் போட இடமில்லை. இருபது ஆண்டு செடியை வளரவிட்டு, மண்டபம் சரியத் தொடங்கியதும் லட்சக்கணக்கில் திரட்டிக் கிரானைட் பலகையில் பெயர் வெட்டிக்கொள்வார்கள்.

2002-இல் அருணாசலேசுவரர் கோயிலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க மத்தியத் தொல்லியல் துறை முனைந்தபோது ஊர் திரண்டு எதிர்த்தது. அறிவிப்பு பின்னர் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். தீபத் திருநாளில் கோயிலுக்குள் என்ன செய்யலாம் என்று தில்லியிலிருந்து சுற்றறிக்கை வருவதை இன்றும் நான் விரும்பமாட்டேன். ஆனால் ‘எங்கள் கோயிலை நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்று அன்று சொன்னோமே, அந்தச் சொல்லுக்கு இந்த மண்டபத்தின்முன் நின்று என்ன பொருள் சொல்வது?

சட்டம் இல்லாமல் இல்லை. மணல் வீச்சை அறநிலையத்துறை என்றோ தடை செய்துவிட்டது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பழங்கோயில்களைக் காப்பது பற்றி 75 நெறிமுறைகளை வகுத்துத் தீர்ப்பளித்தது. முடியாத காரியமும் அன்று. திருவரங்கக் கோயில் சீரமைப்புக்கு 2017-இலும், கும்பகோணத்துக்கு அருகே துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலுக்கு 2024-இலும் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இரண்டுமே அறநிலையத்துறைக் கோயில்கள். வேலை செய்தவர்கள் நம் ஸ்தபதிகளும் கொத்தனார்களும். சுண்ணாம்புக்கு நாளாகும், அரைக்க ஆள் வேண்டும், குடமுழுக்குத் தேதி குறித்தாயிற்று என்று சொல்வதெல்லாம் சாக்கு. தேதியைக் குறித்துவிட்டு வேலையைத் தொடங்கினால் சிமெண்டுதான் வரும்.

பெருங்கோயில்களுக்காவது பார்க்க நாலு கண் உண்டு. பாதையோரத்துச் சிறு மண்டபத்துக்கும் குளக்கரைக் கல்லுக்கும் யார்? இந்த ஊரில் மூன்று கல்லூரித் தமிழாசிரியர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவரும் இதுவரை ஒரு மனு எழுதியதில்லை. அந்த மூவரில் நானும் அடக்கம்.

நேற்று மாலை அதே பாதையில் நடந்தபோது, இன்னும் முந்நூறு அடி தள்ளியுள்ள நாற்கால் மண்டபத்தின்முன் எம்-சாண்ட் இறக்கியிருந்தார்கள்; டைல்ஸ் பெட்டிகள் எட்டு. அதன் வடமேற்குத் தூணிலும் எழுத்து இருக்கிறது, இரண்டு வரி. ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் படியெடுக்கப் போகிறேன். தாளும் மையும் என்னிடம் உண்டு. கல்லைக் கழுவத் தண்ணீர்க் குடமும், தேங்காய் நார்த் தூரிகையும் கொண்டுவருகிறவர்கள் வரலாம்.