கரண்டி மூக்கும் கடற்சேறும்

சிட்டுக்குருவி அளவுள்ள ஒரு பறவையைப் பார்ப்பதற்காக ஒருவர் முழங்கால் சேற்றில் பொழுதெல்லாம் நிற்கிறார் என்றால் ஊரார் என்ன சொல்லுவார்கள்? வேலையற்ற மனிதர் என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் பர்மாவின் மார்த்தபான் வளைகுடாவிலும், வங்காள தேசத்தின் சோனாதியாத் தீவிலும் பனிக்காலந்தோறும் சிலர் அப்படித்தான் நிற்கிறார்கள். அவர்கள் தேடுவது கரண்டிமூக்கு உள்ளான் என்ற பறவையை.

பறவை சிறிது, எடை ஏறத்தாழ 30 கிராம். அதன் விசேஷம் மூக்கில் இருக்கிறது. நுனியில் சிறு கரண்டி வைத்தாற்போல் அகன்ற அலகு. 1758ஆம் வருஷம் இதற்குப் பெயரிட்ட லின்னேயஸ், இந்த அலகைக் கண்டு, இதைப் பெரிய கரண்டிவாயன் நாரையின் இனத்திலேயே சேர்த்துவிட்டார்!

தேடுவது எளிதல்ல. கடல் வற்றியதும், கொசு உள்ளான் முதலிய சிறு பறவைகள் ஆயிரக்கணக்கில் சேற்றில் இறங்கி மேய்கின்றன. எல்லாம் ஒரே சாயல். பக்கவாட்டில் பார்த்தால் கரண்டியும் புலப்படாது. பறவை நேர்முகமாகத் திரும்ப வேண்டும். ஆகவே பார்ப்பவர்கள் அதன் நடையைக் கவனிக்கிறார்கள். மற்றவை சேற்றைக் குத்திக் குத்தித் தின்னும்போது, இது அலகை நீரில் வைத்துப் பக்கத்துக்குப் பக்கம் துழாவிக்கொண்டே நடக்கும். கடல் ஏறினால் அன்றைய வேலை முடிந்தது.

கோடையில் ருஷ்யாவின் வடகிழக்குக் கோடியான சுக்கோத்காவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இந்தப் பறவை, குளிர் வருமுன் சுமார் 5,000 மைல் பிரயாணம் செய்து தெற்கே வருகிறது. 1970களில் 2,000 இணைகளுக்கு மேல் இருப்பதாக மதிப்பிட்டார்கள். 2014ஆம் வருஷக் கணக்கிலோ 200 சொச்சம் இணைகளே தேறின. இந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது? சில பறவைகளின் காலில் அடையாளக் கொடி கட்டிவிட்டு, கொடியுள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று சீனக் கடற்கரைச் சேற்றில் நின்று எண்ணினார்கள். வேலையற்றவர் என்று நாம் நினைத்தவர் செய்த வேலை இது!

பறவை குறைந்ததற்குக் காரணம் இரண்டு. வழியில் அது இறங்கி இரை தின்று இளைப்பாறும் மஞ்சள் கடல் சேற்றுக் கரைகளை, மண் கொட்டி நிலமாக்கினார்கள். கொரியாவில் ஸேமன்கூம் என்னுமிடத்தில் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006இல் மூடப்பட்டது. அத்துடன் பறவைகளின் பெரிய சத்திரம் ஒன்று ஒழிந்தது. இரண்டாவது காரணம் வலை. பர்மாக் கரையில் ஏழை ஜனங்கள் உணவுக்காகக் கரைப் பறவைகளைப் பிடித்தார்கள். இளம் பறவைகள் முதற்கோடையில் வடக்கே திரும்பாமல் அங்கேயே தங்கிவிடுவதால், நாளை குஞ்சு பொரிக்க வேண்டியவையே அதிகம் சிக்கின. 2008இல் இது அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் என உலகப் பட்டியலில் ஏறியது.

வலை வீசியவனைப் பழிப்பது சுலபம். அவன் பசிக்குப் பதில் சொல்வதல்லவா நியாயம்? மார்த்தபானில் அந்த நியாயத்தைச் செய்தார்கள். வேட்டைக்காரர்களுக்கு வேறு பிழைப்புக்குக் கைம்முதல் கொடுத்தார்கள். அவர்களிற் சிலர் பறவைகளுக்குக் காவலர்களானார்கள். சுவர் எழுப்பியவர்களும் சற்றே திரும்பிப் பார்த்தார்கள். கடலைத் தூர்த்து வியாபாரத்துக்கு நிலமாக்குவதைச் சீன சர்க்கார் 2018இல் பெரும்பாலும் நிறுத்தியது. 2019இல் அந்நாட்டு மஞ்சள் கடல் சேற்றுக் கரைகளிற் சில உலகப் பாரம்பரியச் சொத்தாயின. பறவை இன்னும் தப்பிவிடவில்லை. தப்புவதற்கு வழி திறந்திருக்கிறது.

இது எங்கோ பர்மாக் கதை என்று நாம் தாளைப் புரட்டிவிட முடியாது. நம் கோடியக்கரையிலும் இந்த உள்ளானைக் கண்டதற்குப் பதிவு உண்டு. 1967இல் சரணாலயமாகி, 2002இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்ற அந்தக் கரைக்கு இன்றும் வடதேசத்துப் பறவைகள் வலசை வருகின்றன. ஆயினும், சேறு என்றாலே பாழ்நிலம் என்று எழுதிவைக்கும் பழக்கம் நம்மை விடவில்லை. அந்தச் சேற்றில்தான் இறாலும் நண்டும் வளர்கின்றன. மீன் குஞ்சுகள் ஒதுங்குகின்றன. கரையோரக் குடும்பங்களின் உலை கொதிக்கிறது. பயிர் விளையாததால் அது பாழ் என்றால், கடலையும் பாழ் என்றே எழுத வேண்டும்!

சேற்றைத் தூர்க்கத் திட்டம் போடுபவர்கள் முதலில் ஒரு பனிக்காலம் அதன் ஓரத்தில் நின்று பார்க்கட்டும். கரண்டி மூக்கு கண்ணில் படாமற் போகலாம். ஆனால் அந்தச் சேற்றை நம்பி எத்தனை உயிர்கள் வருகின்றன, எத்தனை மனிதர்கள் வலையும் கூடையுமாக இறங்குகிறார்கள் என்ற கணக்கு கட்டாயம் கண்ணில் படும். அதன் பிறகு கையெழுத்துப் போடட்டும்.